மூன்று அளவில் எது என் அளவு? ஸ்போர்ட் ரிம்முக்கு நடுமூடி மாற்ற உதவி தேவை

ஜெலுத்தோங் இரட்டை இருக்கை:

வணக்கம். என்னுடையது 2008ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை மின்விசையில் மடங்கும் வகை. முந்தைய உரிமையாளர் அசல் ரிம்களைத் தனியாக விற்றுவிட்டு, வேறு ஸ்போர்ட் ரிம்களைப் பூட்டி எனக்குக் காரைக் கொடுத்தார். அண்மையில் ஒரு கடையில் டயர் மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு சக்கரத்தில், ரிம்மின் நடு ஓட்டையை மறைக்கும் நடுமூடி இல்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். நான்கில் மூன்றுக்கு மட்டும் மூடி இருக்க, கார் மூக்குத்தி தொலைத்த மணப்பெண்போல் நிற்கிறது.

ஷாப்பி இணையக்கடையில் "எம்எக்ஸ்-5க்குப் பொருந்தும், 56 மி.மீ." என்று போட்டிருந்த மூடிகளை வாங்கினேன். பொருந்தவில்லை. உள்ளே லொடலொடவென்று ஆடுகின்றன, தட்டினால் விழுகின்றன. அளந்து பார்த்தேன். ரிம்மின் முன்விளிம்பில் 60 மி.மீ., சற்று உள்ளே 56, சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் அளந்தால் 73. எதைச் சொல்லி வாங்குவது?

இன்னொன்று. சக்கரத்தைக் கழற்றியபோது கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒன்று கீழே விழுந்தது. தொலைந்த மூடியின் உடைந்த பாகம் என்று நினைக்கிறேன். எறிந்துவிடலாமா?

பட்டர்வொர்த் டயர்காரர்:

வளையத்தை எறியாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மூடி அப்புறம்.

அது மூடியின் பாகமல்ல, ஹப் வளையம். ஹப் என்பது காரில் சக்கரம் வந்து உட்காரும் மையப் பகுதி. உங்கள் தலைமுறை எம்எக்ஸ்-5இன் ஹப் 67.1 மி.மீ. வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக நடு ஓட்டையைப் பெரும்பாலும் 73.1 ஆகக் கடைந்திருப்பார்கள். இடையில் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் அந்த வளையம். நீங்கள் பின்பக்கம் அளந்த 73 அதுதான். மூடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வளையம் இல்லாமல் பூட்டினால் ஜெலுத்தோங் தெருக்களில் ஒன்றும் தெரியாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். டயர் பேலன்ஸ் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள்.

இனி மூடி. பழைய மூடிகள் மூன்று கையில் இருக்கும்போது ஓட்டையை ஏன் ஐயா அளக்கிறீர்கள்? ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சக்கரம் கழன்றிருந்தால் பின்னாலிருந்து விரலால் தள்ளினாலே வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை முன்னால் விட்டு நெம்பினால் ரிம்மில் கீறல்தான் மிஞ்சும். மூடிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று வெளியே தெரியும் முகத்தின் விட்டம். மற்றது பின்னால் இருக்கும் கொக்கிகளின் விட்டம். விற்பவர்களில் பலர் முகத்தின் அளவை மட்டும் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் வாங்கியது முகம் 56. கொக்கி அதைவிடச் சிறியது, அதனால்தான் ஆடுகிறது. உங்களுக்கு வேண்டியது முகம் 60, கொக்கி 56. கொக்கி ஒரு மயிரிழை பெரிதாக இருப்பது நல்லது, அழுத்தும்போது மடங்கி உள்ளே போய் விரிந்து பிடிக்கும்.

"எம்எக்ஸ்-5க்குப் பொருந்தும்" என்ற வரியைக் கண்டுகொள்ளவே வேண்டாம். மூடி காருக்குப் பொருந்த வேண்டியதில்லை, ரிம்முக்குப் பொருந்த வேண்டும். உங்கள் ரிம்மோ மாஸ்டாவுடையது அல்ல.

சுங்கை நிபோங் வாசி:

இவ்வளவு எதற்கு? வாங்கிய மூடியைச் சுற்றி சிலிகான் பசை தடவி ஒட்டிவிடுங்கள். என் காரில் இன்றுவரை விழவில்லை.

பட்டர்வொர்த் டயர்காரர்:

விழாது தம்பி. அதுதான் சிக்கல். டயர் பேலன்ஸ் செய்யும் இயந்திரத்தின் தண்டும் கூம்பும் ரிம்மின் நடு ஓட்டை வழியாகத்தான் போகும். அதற்காகவே மூடியைக் கழற்றுகிறோம், மூடிகள் தொலைவதும் அங்கேதான். ஒட்டியிருந்தால் வேலை செய்யும் பையன் பின்னாலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான். பிறகு மூடி இரண்டாகத்தான் வெளியே வரும்.

பாயான் லெப்பாஸ் மங்கை:

60/56 கிடைக்காவிட்டால் முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம். என் தம்பியின் காருக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். பாலிக் பூலாவ் மலைச்சாலையில் பிரேக் பிடித்தபடி இறங்கினால் அந்தச் சூடு ஹப் வரை வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கு வரை தாங்கும்.

அண்ணா, ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹப்பின் முனை ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கி நீளமான மூடி அதில் முட்டி நிற்கலாம். சப்பாத்தி மாவை உருட்டி ஹப் முனையில் ஒட்டி, சக்கரத்தைப் பூட்டி, மூடியை மெதுவாக அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். மாவு நசுங்கிய பிறகு எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி.

ஜெலுத்தோங் இரட்டை இருக்கை:

பழைய மூடியைத் திருப்பி அளந்தேன். முகம் 60, கொக்கி 56.5. டயர்காரர் ஐயா சொன்னதுதான். அதே அளவில் சின்னம் இல்லாத கறுப்பு மூடிகள் கிடைக்கின்றன, மாஸ்டா சின்னம் போட்டவையும் இருக்கின்றன. ஓட்டையின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அதைச் சுரண்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் டயர்காரர்:

அது அலுமினிய அரிப்பு. கடல் பக்கத்தில் நிற்கும் கார்களில் நிறையப் பார்ப்பேன். அதை எடுக்காமல் புது மூடியை அழுத்தினால் கொக்கி சரியாக உட்காராது. நைலான் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் பூச்சு போய் இன்னும் வேகமாகப் பூக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, மூடியின் விளிம்பில் இரண்டு கட்டைவிரல்களையும் எதிரெதிராக வைத்துச் சமமாக அழுத்துங்கள். நடுவில் குத்தக் கூடாது, சின்னம் பள்ளமாகிவிடும். சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில், சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் பூட்டுங்கள்.

சின்னம் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் கறுப்பு. வேறு நிறுவனத்தின் ரிம்மில் மாஸ்டா சின்னத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள், அடுத்த முறை டயர் மாற்றப் போகும் முன் மூடிகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.