நம் மலையக வானொலிக் குழுவை ஐந்தாகப் பிரிக்கலாமா?

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். குழுவைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முடிவை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்கிறேன்.

நாங்கள் தொடங்கியபோது ஒன்பது பேர். ஒன்பது பேருமே ரேடியோ கேட்கிறவர்கள். 2017 ஏப்ரல் கடைசியில் பிபிசியின் தமிழோசை வானொலியில் நின்றுபோனபோது, இனி ராத்திரிக்கு எதைப் பிடிப்பது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில் உருவான குழு இது. இன்றைக்கு எந்த நிலையம் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, இரைச்சல் எவ்வளவு, இவ்வளவுதான் பேச்சு.

இப்போது நூற்றி அறுபது பேர் இருக்கிறோம். மத்திய அலை (மீடியம் வேவ்) கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவைத் திருத்துகிறவர்கள், அமெச்சூர் (பொழுதுபோக்காகத் தாமே அலையில் பேசுகிற ஹாம்) லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், லைசென்ஸ் எடுத்து முடித்து எஃப்டி8 என்ற கணினி முறையில் அலையில் செய்தி அனுப்புகிறவர்கள், கணினியில் டோங்கிள் என்ற சிறு ரேடியோ வாங்கியைச் செருகிச் செயற்கைக்கோள் படம் இறக்குகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வந்தது சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் அப்புத்தளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. தினமும் பொழுது சாய்ந்ததும் தூத்துக்குடி வானொலி, 1053 கிலோஹெர்ட்ஸில், எப்படி வருகிறது என்று ஒரு வரி போடுவார். கோல் எடுத்துக் கேட்டேன். "மகள், காலையில எழும்புனா முந்நூறு படம் கெடக்கு. போன் நெறஞ்சு போச்சு, டேட்டாவும் தீந்து போச்சு. அதுக்குள்ள என்னோட ஒரு வரிய யாரு பாக்குறா?" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

அவருடைய ஒரு மாதக் குறிப்பை நான் உயர்தர வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். பகலில் வானத்தின் டி படலம் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது, சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கரைந்து தூரத்து அலை மேலே பட்டுத் திரும்புகிறது என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. நிலையம் எப்படி வருகிறது என்பதற்குப் போடும் எந்த எண்ணுக்கும் ஐந்துதான் மிக நல்லது. பெரியவரின் கொப்பியில் மாலை ஆறு மணிக்கு இரண்டாக இருந்த சமிக்ஞை எண், ஏழு மணிக்கு நான்காக ஏறுவதைக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

ஐந்து குழுவாகப் பிரித்துவிடலாம் என்று சிலர் தனியாக எழுதியிருக்கிறார்கள். பழைய யூஸ்நெட் காலத்திலேயே அமெச்சூர்காரர்கள் அன்டெனாவுக்கு ஒன்று, வீட்டில் செய்யும் கருவிக்கு ஒன்று, விண்வெளிக்கு ஒன்று, சிற்றலை கேட்பவர்களுக்கு வேறொன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அது உலகம் முழுக்க ஆள் இருந்த இடம். நாம் நூற்றி அறுபது பேர். என்ன செய்யலாம்?

லிந்துலை வால்வு எழுதியது:

டீச்சர், பிரிக்க வேண்டாம். ஒரு சம்பவம் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தங்கச்சி, பின்னேரம் ஆறரை மணியானால் ரேடியோ முழுக்க இரைச்சல், எந்த நிலையமும் வருவதில்லை என்று இங்கே எழுதியிருந்தார். கேட்பவர்கள் வானிலை என்றார்கள், மலை மறைக்கிறது என்றார்கள். நான் வால்வு செட் திருத்துகிறவன், அன்று தற்செயலாகப் பார்த்தேன். தினமும் ஒரே நேரத்துக்குத் தொடங்கினால் அது வானம் செய்கிற வேலை இல்லை, யாரோ சுவிட்ச் போடுகிறார்கள். பேட்டரி ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்று மெல்லத் திருப்பச் சொன்னேன். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பியின் முனை எந்தப் பக்கம் நேராகப் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற இரைச்சல் குறைந்துவிடும். இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். அந்த லயத்தின் மூன்றாவது காம்பராவில் (வீட்டில்) புதிதாக மாட்டிய மலிவு எல்இடி பல்பு ஒன்றுதான் காரணம். அதை மாற்றியதும் இரைச்சல் நின்றது.

குழு பிரிந்திருந்தால் அந்தத் தங்கச்சி கேட்பவர்கள் பக்கம் இருப்பார், நான் திருத்துகிறவர்கள் பக்கம் இருப்பேன். அவர் கேள்வி எனக்கு வந்திருக்காது. தன் கேள்வி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரிந்தவனுக்குப் பாதிப் பதில் தெரிந்துவிட்டது. புதிதாக வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பதுளை ஹாம் எழுதியது:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எஃப்டி8 2017இல் வந்தது. பதினைந்து பதினைந்து வினாடியாக மாறி மாறி அனுப்புவது. காதுக்கே கேட்காத சமிக்ஞையையும் கணினி பிரித்து எடுத்துவிடும். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த அமெச்சூர் வரைபடத்தில் பதுளை, பண்டாரவளை, நுவரெலியா எல்லாம் என்ஜே06 கட்டம், கொழும்பு எம்ஜே96. அங்கே ஆள் அதிகம், இங்கே குறைவு. அதனால் நம் கட்டத்திலிருந்து யாராவது எஃப்டி8க்கான 14.074 மெகாஹெர்ட்ஸில் வந்தால் வெளிநாட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். அந்தத் தொடர்புகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளைத்தான் பெருமையோடு போட்டோம். பெரியவருக்கு அது சுமையாகும் என்று யோசிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டும்.

நான் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இன்னும் எத்தனையோ தோட்டங்களில் சனம் அதே மாதிரிச் சரிவுக்குக் கீழேதான் படுத்து எழும்புகிறது. கரண்ட் போய், போன் கோபுரமும் விழுந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பேட்டரியும் ஒரு கம்பியும்தான். 2004 சுனாமியில் இந்த நாட்டு அமெச்சூர்காரர்கள் செய்து காட்டியது அதைத்தான். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். வாரம் ஒருநாள் குறித்த நேரத்தில் ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் வரிசையாகப் பதில் சொல்லி, ஒரு செய்தியை எழுத்துக்கு எழுத்து சரியாக வாங்கிக் கொடுக்க வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அதற்கு ஆள் சேர்க்க முடியவில்லை. மூன்று தரம் அறிவித்தேன், மூன்று தரமும் அடியில் போய்விட்டது. லைசென்ஸ் உள்ளவர்கள்தான் அலையில் பேசலாம் என்பதும் சட்டம். இந்த ஒன்றுக்காவது தனி இடம் கொடுங்கள்.

நானுஓயா டோங்கிள் எழுதியது:

டீச்சர், அந்த முந்நூறு படத்தில் பெரும்பங்கு என்னுடையது. நோவா 15, 18, 19 என்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025இல் நிறுத்தப்படுவதற்கு முன்னால் கிடைத்ததை எல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று அவை தலைக்கு மேலே கடந்துபோன ஒவ்வொரு தடவையும் படம் போட்டேன். அப்புத்தளை ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். படத்துக்கு மட்டும் வேறு இடம் இருந்தால் போதும், அங்கே போட்டுக்கொள்கிறேன். ஆனால் என்னை இங்கிருந்து எடுத்துவிடாதீர்கள். சபுக்கு மரத்திலிருந்து லயத்துக் கூரைக்குக் கம்பி இழுக்கிற விதத்தை இங்கேதான் படித்தேன்.

மஸ்கெலியா எழுதியது:

நான் பரீட்சைக்குப் படிக்கிறேன். ராத்திரியில் அம்மாவோடு பாட்டும் கேட்கிறேன். அம்மம்மாவின் பழைய வால்வு செட் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. ஐந்தாகப் பிரித்தால் நான் எந்தக் குழுவில் சேருவது டீச்சர்?

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். மஸ்கெலியாத் தங்கச்சியின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

பெரியவர் எஃப்டி8 பற்றிய பேச்சு பிடிக்காமல் போகவில்லை. பாரம் தாங்காமல் போனார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது நான்தான். ஆகவே தலைப்பைப் பார்த்துப் பிரிக்கப் போவதில்லை. படங்களும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இன்று முதல் வேறொரு குழுவுக்குப் போகின்றன. விருப்பமானவர்கள் சேருங்கள், நானுஓயாத் தம்பி அதைப் பார்த்துக்கொள்வார். இங்கே எழுத்தும் குரலும் மட்டும். படம் இல்லாமல் விளங்காது என்றால், லிந்துலை ஐயா சர்க்கிட் வரைவது மாதிரி, ஒன்றே ஒன்று போடலாம்.

பதுளை அண்ணன் கேட்டதற்கு நான் மறுப்புச் சொல்லவே மாட்டேன். லைசென்ஸ் உள்ளவர்களின் வாராந்தப் பயிற்சிக்கு மூடிய குழு ஒன்றை அவரே தொடங்கட்டும். நேரத்தையும் அலைவரிசையையும் இங்கே மேலே பின் பண்ணி வைக்கிறேன். பேச முடியாதவர்கள் கேட்கலாம், கேட்டதை எழுதலாம். எந்தத் தோட்டத்தில் அவர்களுடைய குரல் எடுபடுகிறது, எந்தப் பள்ளத்தில் எடுபடவில்லை என்று கேட்கிறவர்கள் சொன்னால்தானே தெரியும்.

பரீட்சைப் பிள்ளைகள் இங்கேயே இருங்கள். மின்சாரம் பற்றிய ஓமின் விதியை நீங்கள் கேட்கும்போது பெரியவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் அப்புத்தளை ஐயாவுக்குக் கோல் எடுத்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் வாறது இருக்கட்டும் மகள், நீங்க கடைசியா எப்ப ரேடியோ கேட்டீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. குழுவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் நான் ரேடியோவைத் தொட்டே பல மாதமாகிவிட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவின் செட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

பண்டாரவளை, 1053, மாலை 6.25. சமிக்ஞை 3, குறுக்கீடு 4, இரைச்சல் 3, ஏற்ற இறக்கம் 2, மொத்தத்தில் 3. லேசான தூறல். அப்புத்தளையில் எப்படி?