பொருள்: டெமாக்ரிட்டஸின் 'அணு'வுக்குத் தனிச்சொல்

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் வரலாற்று நூலின் கிரேக்க இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கத்தில் பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் டெமாக்ரிட்டஸின் அணுவைப் பிளக்கவே முடியாது என்கிறேன். மறுபக்கத்தில் 1897இல் தாம்சன் அணுவின் உட்துகளான எலக்ட்ரானைக் கண்டறிகிறார். 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் காட்டுகிறார். கிரேக்க 'அதோமோஸ்' என்றாலே வெட்டுப்படாதது. நம் 'அணு' நுண்மையை மட்டுமே சொல்கிறது. மாணவர் குழம்புவார்கள். உதவுங்கள்.
– க.

பகாத்துகள். நன்னூலில் பகாப்பதம், பள்ளிக் கணக்கில் பகா எண், விளக்கமே வேண்டாம். வடசொல்லும் ஒழியும்.
– செ.

அணுவை வடசொல் என்று தள்ளாதீர்கள். அண், அண்மை, அணுகு, அணி: நெருங்கிச் செறிவதே இவ்வேர். செறிந்து பொருளாவது அணு.
– மு.

மு. ஐயா, நெருக்கத்திலிருந்து சிறுமை எப்படிப் பிறந்தது? கடோபநிடதம் என்ற பழைய வடமொழி நூலிலேயே இச்சொல் நுண்மைப் பொருளில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் அணு என்றால் உயிர். ஆணவம் அதன் வழி வந்தது. எங்கிருந்து வந்தாலும் நம் சொல்தான். மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையைப் பாருங்கள்: ஆசீவகர் என்ற பழைய இந்தியச் சமயத்தாரின் அணு அழியாது, புதிதாய்ப் பிறக்காது, ஒன்று மற்றொன்றினுள் புகாது. டெமாக்ரிட்டஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே? அணு என்றே இருக்கட்டும்.
– வ.

ஏறக்குறைய இல்லை, அம்மா. ஆசீவகருக்கு நில அணு வேறு, நீர் அணு வேறு. வன்மையும் தண்மையும் அணுவிலேயே உண்டு. டெமாக்ரிட்டஸின் அணுவுக்குச் சுவையோ நிறமோ கிடையாது. வடிவம், அடுக்கு, கிடப்பு மட்டுமே வேறுபாடு. இனிப்பும் கசப்பும் வழக்கால் வந்தவை, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும் என்றார். கலிலியோ 1623இல் சுவையையும் நிறத்தையும் பொருளிலிருந்து பிரித்து உணர்பவனிடம் வைத்தபோது, இந்தச் சிந்தனைக்குத்தான் மறுபடி உயிர் வந்தது. நவீன இயற்பியலுக்குக் கிரேக்கர் தந்த பெரும் கொடை, என் பார்வையில், பிளவாமை அன்று, இந்தக் குணமின்மை. 'பகாத்துகள்' அதைத் தொடவே இல்லை.
– த.

வெற்றிடம் என்றதும் நினைவுக்கு வந்தது: 'பாழ்' எவ்வளவு அழகான சொல்! பரிபாடலில் எண்வரிசையே பாழில்தான் தொடங்குகிறது.
– மு.

பாழ் என்றால் இன்று பாழடைந்த வீடுதான் தோன்றும், ஐயா. பகாத்துகளிலும் ஓர் இடர்: இன்றைய அறிவின்படி எலக்ட்ரான், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் போன்றவைதான் பகாதவை. பெயர் அவற்றுக்கல்லவா பொருந்தும்?
– வ.

நேரமில்லை. மூவர் 'அணு' என்கிறீர்கள். முதல் இடத்தில் 'டெமாக்ரிட்டஸின் பகா அணு', பிறகு 'அணு' என்று அனுப்புகிறேன். த. சொன்ன குணமின்மையைத் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன்.
– க.

பகா அணுவுக்குள் 1911இல் அணுக்கருவைக் கண்டார்கள் என்று எழுத நேரும். என் மறுப்பு அப்படியே நிற்கிறது.
– செ.