வேலூரில் வீணைக்கு மேளம் கட்டுபவர் (தந்திகளுக்கு அடியிலுள்ள உலோக மெட்டுகளை மெழுகில் பதிப்பவர்) யாரேனும் உண்டா?

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வேலூருக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். வேலை பழகிவிடும், கவலை வீணையைப் பற்றித்தான்.

மொட்டைமாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகல் முழுவதும் பூட்டியே கிடப்பதால் உள்ளே அடுப்புச் சூடு. 24 மெட்டுகளும் மெழுகில்தானே நிற்கின்றன? நேற்று சாரணித் தந்தியில் (வாசிக்கும் முதல் தந்தி) பஞ்சமம் பிடித்தால் ஸ்வரம் சற்றே ஏறி ஒலித்தது. பார்த்தால் அந்த மெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மெழுகில் என் விரல் ரேகை பதிகிறது! ஊரில் கட்டித் தந்தவருக்கு இப்போது வயதாகிவிட்டது, வரச் சொல்ல மனமில்லை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை, பஸ்ஸில் ஏற்றவும் பயம்.

வேலூர், காட்பாடிப் பக்கம் மேளம் கட்டத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை ஈரத்துணி போர்த்தலாமா, அது பலாமரத்தைக் கெடுக்குமா?

இன்னொன்று. ஒன்பது மணிக்கு மேல் வாசித்தால் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டுகிறார். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே தந்திகளுக்கு அடியில் துணி செருகி ஒலியைக் குறைத்துப் பழகியவர்கள் உண்டா? கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கெட்டுப்போகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.