நாலு பிள்ளைக்கு ஒரு டேப்லெட்: இதில் கூட்டுக் கற்றல் நடக்குமா?

ரோஸ்ஹில்_டீச்சர்:
வணக்கம். மொரீஷியஸில் தொடக்கப்பள்ளியில் கிரேட் 5க்குத் தமிழ் எடுக்கிறேன். நாலு பேருக்கு ஒரு டேப்லெட்தான். படத்தைப் பார்த்துச் சரியான சொல்லைத் தொடும் விளையாட்டு கொடுத்தேன். டேப்லெட்டைப் பிடித்தவன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போகிறான். பக்கத்தில் உள்ளவன் "அலே, அலே!" என்று உசுப்பேற்றுகிறான். மற்ற இருவருக்கும் ஜன்னலே கதி. திரையில் முழு மதிப்பெண்! அதே சொல்லை நோட்டில் எழுதச் சொன்னால் "முதலை" "முதளை" ஆகிறது.

பயிற்சி வகுப்புகளில் கூட்டுக் கற்றல் என்று அழகழகாக ஸ்லைடு காட்டுகிறார்கள். மேசையை வட்டமாகப் போட்டால் போதுமா? உருப்படியான ஆய்வு ஏதாவது உண்டா? அப்புறம், குழுவில் பேசுவது முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். தடுக்கலாமா?

மோக்கா_மாணவி:
டீச்சர், ஜிக்சா முறையைப் பாருங்கள். 1971இல் டெக்சாஸில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் தொடங்கியது. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒரே துண்டு வாங்கிய பிள்ளைகள் முதலில் கூடிப் பேசிவிட்டு, அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வு மட்டும் தனித்தனி. அடுத்தவன் சொல்வதைக் கேட்காவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

சாட்ஸ்வர்த்_வாத்தியார்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். இந்த டேப்லெட் ராஜா எங்கள் வகுப்பிலும் உண்டு அம்மா, போன் வடிவில்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா 2006 வாக்கில் செய்தது. அரசுப் பள்ளிகளில் ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள்; மவுஸ் பிடித்தவன் வைத்ததே சட்டம். அதனால் ஆளுக்கொரு மவுஸ் கொடுத்து, திரையில் ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி விட்டார்கள். அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. முதலில் கிளிக் செய்தவன் விடையை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறார்கள். எல்லோரும் சரியான விடையைத் தொட்டால்தான் அடுத்த படம் வரும் என்று வைத்ததும் நிலைமை மாறியது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்? தனிக் கணினியில் படித்தவர்கள் அளவுக்கே இவர்களும் ஆங்கிலச் சொற்களைக் கற்றார்கள்.

நீங்கள் மென்பொருளை மாற்றத் தேவையில்லை. ஆளுக்கொரு சிலேட்டில் விடையை எழுதச் சொல்லுங்கள். நாலு சிலேட்டிலும் ஒரே சொல் வந்தபிறகே திரையைத் தொடலாம். தொடும் கை முறைவைத்து மாறட்டும்.

கத்ரபோர்ன்_அண்ணன்:
கிரியோலைத் தடுக்காதீர்கள். வீட்டில் அதில்தான் பேசுகிறார்கள், யோசிப்பதும் அதில்தான். தமிழில் மட்டும் வாதாடு என்றால் வாதமே நின்று, விடை தெரிந்தவன் மட்டும் பேசுவான். சண்டை கிரியோலில், விடை தமிழில். 2012இலிருந்து கிரியோலே பள்ளியில் ஒரு பாடம். நாம் மட்டும் முறைத்து என்ன ஆகப்போகிறது?

ரோஸ்ஹில்_டீச்சர்:
சிலேட்டு யோசனை பிடித்திருக்கிறது ஐயா, அலமாரியில் பழையது கிடக்கிறது. மோக்கா தங்கச்சிக்கு ஒரு கேள்வி: ஜிக்சாவில் ஒரு பிள்ளை லீவு போட்டால் அந்தத் துண்டு என்னாவது? எங்களுக்கு மழைக்காலத்தில் பாதி வகுப்பு காலி.

மோக்கா_மாணவி:
ஒரு துண்டுக்கு இரண்டு பேரைப் போடுங்கள் டீச்சர். நாலு துண்டு வேண்டாம், இரண்டு போதும்.