புதுப்பிப்பு: முப்பந்தல் காற்றும் மாக் 6 காற்றும்

சென்ற வாரம் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தபடி பஸ்ஸில் வந்தபோது எழுந்த கேள்வியை இங்கே எழுதியிருந்தேன்: ஒலியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் (மாக் 6 என்றால் ஆறு மடங்கு) விரையும் காற்றின் வேகத்தை ஒரு காற்றுச் சுரங்கத்துக்குள், அதாவது விமான, ராக்கெட் மாதிரிகள் மீது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடத்துக்குள், எப்படி அளப்பார்கள்? நுண்துகள்களைக் கலந்து லேசர் ஒளியில் படமெடுத்தால் போதும் என்று நானே பதிலும் சொல்லியிருந்தேன். அது அரைகுறைப் பதில்.

ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் காற்று ஒரு பொருளில் மோதும்போது அதன் முன்னே அழுத்தம் திடீரென்று உயரும் மெல்லிய அடுக்கு உண்டாகும்; அதுதான் அதிர்ச்சி அலை. அதைக் கடக்கும்போது வாயுவின் வேகம் சட்டென்று குறைகிறது. துகள்களோ பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவர் முன்னால் சாய்வதைப் போலப் பழைய வேகத்திலேயே சிறிது தூரம் போய்விடுகின்றன. அப்போது அளப்பது துகளின் வேகம்தான், வாயுவினுடையது அல்ல.

துகளே வேண்டாத வழி இருக்கிறது. ஃபெம்டோநொடி (நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான) லேசர் துடிப்பைக் குவித்தால், அந்தக் கோட்டிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகள் அணுக்களாகப் பிரிகின்றன; மீண்டும் சேரும்போது மைக்ரோநொடிக் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் ஒளிர்கின்றன. ஒளிரும் கோட்டைக் காற்று இழுத்துச் செல்ல, கேமரா இரண்டு முறை படமெடுக்கும். நொடிக்கு 1,000 மீட்டர் வேகமென்றால் 10 மைக்ரோநொடியில் கோடு 1 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். என் மகள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

மாக் 6 என்றதும், சாதாரணக் காற்றில் ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை 6ஆல் பெருக்கியிருந்தேன். அதுவும் பிழை. சுரங்கத்தில் விரியும் வாயு கடுங்குளிராகிவிடுவதால் அங்கே ஒலியின் வேகமே குறைந்துவிடும். பல சுரங்கங்களில் மாக் 6 என்பது நொடிக்கு 1,000 மீட்டரை ஒட்டியே இருக்கும்.

இந்தச் சுரங்கம் இருப்பது இஸ்ரோ மையமுள்ள மகேந்திரகிரியில் அல்ல; அங்கே நடப்பது ராக்கெட் எஞ்சின் சோதனை. நான் சொன்ன வகைச் சுரங்கம் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2017இல் திறக்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகும் தூரம்தான்; உள்ளே விடுவார்களா என்பது வேறு விஷயம்.