ஈஎஸ்பி32 போர்டு அம்மாவின் போனில் தெரியவில்லை, தமிழும் பாதியில் நிற்கிறது

அல்சூர்க்காரன்:
வணக்கம். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுச் சம்பிலும் மொட்டைமாடி டேங்கிலும் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்ட ஒரு ஆப் எழுதியிருக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஈஎஸ்பி32 போர்டு (புளூடூத் உள்ள சின்னக் கன்ட்ரோலர்), பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்) இணைப்பு. அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும், அதனால் போர்டே "சம்ப்:63,டேங்க்:41" என்று அனுப்புகிறது.

ஆண்ட்ராய்டு 10 உள்ள என் போனில் கனெக்ட் ஆகிறது. ஆனால் "சம்ப்:63," வரை வந்துவிட்டு, அப்புறம் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அம்மாவின் ஆண்ட்ராய்டு 13 போனில் ஸ்கேன் லிஸ்டே காலி. பிழையைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் கோடில் இருப்பதால் க்ராஷ் ஆகவில்லை; லாக்கேட் என்ற பதிவில் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன் (அனுமதி இல்லை என்ற பிழை) தெரிகிறது. டார்கெட் எஸ்டிகே 33, அதாவது ஆண்ட்ராய்டு 13-ஐக் குறிவைத்த ஆப். போர்டை மாற்ற வேண்டுமா? காவிரித் தண்ணீர் வரும் நாளெல்லாம் அம்மா முட்டி வலியோடு மாடி ஏறி டேங்கை எட்டிப் பார்க்கிறார். அதை நிறுத்தியாக வேண்டும்.

பீன்யா பட்டறை:
தம்பி, போர்டைத் தொட வேண்டாம். அம்மா போனில் என்ஆர்எஃப் கனெக்ட் என்ற புளூடூத் சோதனை ஆப்பைப் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். அதில் போர்டு தெரிந்தால் கோளாறு உங்கள் ஆப்பில்தான்.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து புளூடூத் ஸ்கேன், புளூடூத் கனெக்ட் என்று தனி அனுமதிகள். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அனுமதிகளை எழுதும் ஃபைலில்) எழுதினால் மட்டும் போதாது, ஆப் ஓடும்போது கேட்டும் வாங்க வேண்டும். பழைய அனுமதிகளை நீக்கிவிடாதீர்கள், உங்கள் போனுக்கு அவைதான் வேண்டும்.

கேள்விக்குறி விஷயம் வேறு. எம்டியுவை (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவை) உயர்த்தாதவரை பிஎல்இ-யில் அது 23 பைட். அதில் தலைப்புக்கு 3 போக, போர்டு அனுப்பும் ஒரு நோட்டிஃபிகேஷனுக்கு 20 பைட்தான் மிச்சம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்கு 3 பைட், மேலே வைக்கும் புள்ளிக்கும் தனியாக 3. "சம்ப்" மட்டுமே 15 பைட்! "சம்ப்:63," வரை 19. அடுத்து வரும் "ட"வின் முதல் பைட்டோடு 20 முடிந்துவிடுகிறது. அந்த அரைகுறை எழுத்தைத்தான் போன் கேள்விக்குறியாகக் காட்டுகிறது.

கனெக்ட் ஆனதும் எம்டியுவை உயர்த்தக் கேட்கும் ரிக்வெஸ்ட் எம்டியுவைக் கூப்பிட்டாலும் தீரும். நான் அதைச் செய்யமாட்டேன். போர்டு 63, 41 என்று இரண்டே பைட் அனுப்பட்டும், தமிழை ஆப் எழுதட்டும். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் கேட்டாலும் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை.

சோல்டர் அக்கா:
சோதிக்கும்போது உங்கள் போனில் ஆப்பை மூடிவிடுங்கள். ஒரு போன் கனெக்ட் ஆனதும் ஈஎஸ்பி32 அட்வர்டைசிங்கை (தான் இருப்பதைச் சுற்றியுள்ள போன்களுக்கு அறிவிப்பதை) நிறுத்திவிடும், அடுத்த போனுக்குத் தெரியாது. இணைப்பு அறுந்ததும் ஓடும் ஆன் டிஸ்கனெக்டில் ஸ்டார்ட் அட்வர்டைசிங் போட்டால்தான் மறுபடி தெரியும்.

ரெஃப்ரெஷ் பட்டனையும் சும்மா சும்மா அழுத்தாதீர்கள். 30 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் ஸ்கேன் தொடங்கினால் ஆண்ட்ராய்டு தடுத்துவிடும், லிஸ்ட் காலியாகவே இருக்கும்.

அல்சூர்க்காரன்:
என்ஆர்எஃப் கனெக்டில் போர்டு உடனே தெரிந்தது அண்ணா. அனுமதி கேட்கும் வரிகளைச் சேர்த்தேன், "அருகிலுள்ள சாதனங்கள்" என்று கேட்டது, அம்மா சரி கொடுத்ததும் லிஸ்டில் வந்துவிட்டது. இரண்டு பைட்டாகவும் மாற்றியாயிற்று, டேங்க் அளவு முழுதாகத் தெரிகிறது. அம்மா கடைக்குப் போய்த் திரும்பினால் மட்டும் மறுபடி கனெக்ட் ஆவதில்லை. அக்கா சொன்ன ஆன் டிஸ்கனெக்ட் வரியை இன்று ராத்திரி போடுகிறேன்.