டெர்மினல் சர்வரில் எக்செல்: 12 பேர், 8 சிஸ்டம். எந்த லைசென்ஸ் வாங்குவது?

கேள்வி

வணக்கம். ஆபீசில் 12 பேர், 8 சிஸ்டம், 2 ஷிஃப்ட். விண்டோஸ் சர்வர் 2022-ல் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் (ஆர்டிஎஸ், பழைய பெயர் டெர்மினல் சர்வீசஸ், பலர் ஒரே சர்வரில் நுழைந்து வேலை செய்யும் வசதி) போட்டிருக்கிறோம், எல்லோரும் அதில்தான் லாகின் ஆகிறார்கள். டொமைன் (எல்லோர் கணக்கையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, வெறும் ஒர்க்குரூப். ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் 2021 ஒன்று வாங்கி சர்வரில் ஏற்றினோம். எக்செல்லைத் திறந்ததுமே, டெர்மினல் சர்வீசஸ் ஓடும் கணினியில் இந்த ஆபீஸ் ஓடாது, வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும்) பதிப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. இதே கீயை 12 எண்ணம் வாங்கினால் ஓடுமா?

இன்னொன்று, ஸ்டாக் ஃபைலை ஒருவர் திறந்திருந்தால் அடுத்தவருக்கு ரீட் ஒன்லி என்றுதான் வருகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுத வழி உண்டா?

பதில் 1

12 இல்லை, 100 கீ வாங்கினாலும் ஓடாது. ஹோம் அண்ட் பிசினஸ் என்பது ஒரு ஆள், ஒரு பிசி கணக்கில் விற்கப்படும் ரீட்டெயில் பதிப்பு. செஷன் ஹோஸ்ட் ரோல் (பலரை உள்ளே விடும் ஆர்டிஎஸ் பகுதி) இருக்கும் சர்வரில் அது கிளம்பவே கிளம்பாது. அந்தக் கீயைத் தனியாக ஒரு பிசியில் போட்டுக்கொள்ளுங்கள், வீணாகாது.

சர்வரில் போட இரண்டு வழி. முதலாவது மைக்ரோசாஃப்ட் 365. அதிலும் எல்லா பிளானும் ஆகாது, ஷேர்ட் கம்ப்யூட்டர் ஆக்டிவேஷன் (ஒரே கணினியில் பலர் தத்தம் கணக்கில் ஆபீசைப் பயன்படுத்தும் வசதி) உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பிசினஸ் பிரீமியத்தில் உண்டு, ஆப்ஸ் ஃபார் என்டர்பிரைசில் உண்டு. பிசினஸ் ஸ்டாண்டர்டில் கிடையாது. விலை குறைவு என்று ஸ்டாண்டர்டை வாங்கிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். வாங்குமுன் டீலரிடம் இந்த ஒரு அம்சத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்றும் முறை: பழைய ஆபீசை முழுக்க நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஆபீஸ் டிப்ளாய்மென்ட் டூலை இறக்கினால் செட்டப் ஃபைலும் மாதிரி எக்ஸ்எம்எல் ஃபைல்களும் கிடைக்கும். எக்ஸ்எம்எல்லில் 64 பிட் என்று வைத்து, உங்கள் பிளானுக்குரிய புராடக்ட் ஐடியைக் கொடுங்கள். ஷேர்ட் கம்ப்யூட்டர் லைசென்சிங் என்ற பிராப்பர்ட்டியின் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும், முக்கியமான வரி அதுதான். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் செட்டப்பை முதலில் டவுன்லோட் சுவிட்சோடும், அடுத்து கான்ஃபிகர் சுவிட்சோடும் ஓட்டுங்கள். அந்த வரி விட்டுப்போனாலும் திரும்ப ஏற்றத் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஆபீஸ், கிளிக்-டு-ரன், கான்ஃபிகரேஷன் என்று போய், இதே பெயரின் மதிப்பை 1 ஆக்கினால் போதும்.

ஒவ்வொருவரும் முதல் முறை எக்செல் திறக்கும்போது தன் கணக்கில் சைன் இன் ஆவார். அவருடைய புரொஃபைலில் ஆப்டேட்டா லோக்கலுக்குள் ஒரு டோக்கன் (லைசென்ஸ் இருப்பதற்கான அடையாளச் சீட்டு) உட்காரும். சில நாளுக்கு ஒருமுறை அது இன்டர்நெட் வழியாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஃபயர்வாலில் சர்வருக்கு நெட்டை அடைத்து வைத்திருந்தால் டோக்கன் காலாவதியாகி, ஃபைலைப் பார்க்கலாம், எழுத முடியாது என்ற நிலை வரும். தினமும் சைன் இன் கேட்டால் லாக் ஆஃபில் புரொஃபைல் அழிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி ஆபீஸ் எல்டிஎஸ்சி 2024 (சந்தா இல்லாமல் ஒரே முறை வாங்கும் பதிப்பு) வால்யூம் லைசென்ஸ். சர்வரில் ஒரே ஒரு முறை ஏற்றினாலும், அந்த எக்செல்லைத் திறக்கும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு லைசென்ஸ் வேண்டும். எண்ணுவது சிஸ்டத்தை, ஆளை அல்ல. ஆக்டிவேஷனுக்கு கேஎம்எஸ் (ஆபீசுக்குள்ளேயே ஒரு சர்வர் ஆக்டிவேட் செய்யும் முறை) பக்கம் போகாதீர்கள். குறைந்தது 5 இன்ஸ்டாலேஷன் வந்து கேட்டால்தான் கேஎம்எஸ் வேலை செய்யும், உங்களிடம் இருப்பது ஒன்று. மேக் கீ (MAK, பல முறை ஆக்டிவேட் செய்ய உதவும் ஒரே கீ) கேளுங்கள்.

இனி கணக்கு: 365 என்றால் ஆளுக்கு ஒன்று, 12. எல்டிஎஸ்சி என்றால் 8, முதலாளி வீட்டு லேப்டாப்பிலிருந்தும் நுழைவார் என்றால் 9. சர்வர் 2022 மேல் 365 ஆப்ஸுக்கு ஆதரவு 2026 அக்டோபர் வரைதான், எல்டிஎஸ்சி 2024-க்கு 2029 அக்டோபர் வரை. 2 ஷிஃப்ட் ஓடும் ஆபீசுக்கு நான் எல்டிஎஸ்சி பக்கம்தான்.

பதில் 2

மேலே சொன்னது ஆபீஸ் லைசென்ஸ் மட்டும். விண்டோஸ் சர்வர் கால் (CAL, சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ சிஸ்டத்துக்கோ வாங்கும் அனுமதி லைசென்ஸ்), ஆர்டிஎஸ் கால் இரண்டும் தனி. ஆர்டிஎஸ் ரோல் 120 நாள் சும்மா ஓடும். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் யாருக்கும் லாகின் ஆகாது.

உங்களிடம் டொமைன் இல்லை. அதனால் பெர் யூசர் (ஆளுக்கு ஒன்று) கால் வாங்கவே வாங்காதீர்கள். ஒர்க்குரூப்பில் பெர் யூசர் மோடு வைத்தால் 60 நிமிடத்தில் செஷன் துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும், சொன்னபடியே துண்டித்தும் விடும். பெர் டிவைஸ் (சிஸ்டத்துக்கு ஒன்று) 8 அல்லது 9 வாங்கி, லைசென்சிங் மோடையும் பெர் டிவைஸ் என்றே வையுங்கள். 2022-க்கான கால் என்று பார்த்து வாங்குங்கள். 2019 கால் 2022 சர்வரில் செல்லாது.

பதில் 3

ஸ்டாக் ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். எந்த லைசென்ஸ் வாங்கினாலும் அது தீராது. ஷேர்ட் ஃபோல்டரில் இருக்கும் எக்செல் ஃபைலை முதலில் திறப்பவர் பூட்டிவிடுகிறார். பக்கத்திலேயே டில்டா, டாலர் குறியோடு தொடங்கும் ஒரு மறை ஃபைல் உண்டாகும், யார் திறந்தார் என்ற பெயர் அதில்தான் இருக்கிறது. ஒரே சர்வரில் இரண்டு செஷன் என்றாலும் இதே கதைதான். இரண்டு பேர் சேர்ந்து எழுத, ஃபைல் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்க வேண்டும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் போன்ற புதிய வடிவத்தில் இருக்க வேண்டும். பழைய எக்ஸ்எல்எஸ் என்றால் முதலில் மாற்றுங்கள். இதற்கு 365 வழிதான் ஒத்துவரும்.

பழைய ஷேர் ஒர்க்புக் வசதி இன்னும் இருக்கிறது, ரிப்பனில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதை ஸ்டாக் ஃபைலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். டேபிள் இருந்தால் ஏற்காது, செல் மெர்ஜ் ஆகாது, ஷீட் நீக்க முடியாது.

டெர்மினல் சர்வரில் இன்னொரு தொல்லை: ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், ஃபைல் பூட்டியே இருக்கும். அவர் லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலின் எக்ஸ் குறியை அழுத்தியிருப்பார். செஷன் துண்டானாலும் உள்ளே எக்செல் உயிரோடுதான் இருக்கிறது. சர்வரில் டாஸ்க் மேனேஜர், யூசர்ஸ் பக்கம் போய், டிஸ்கனெக்டட் என்று இருப்பவரை சைன் ஆஃப் செய்யுங்கள். அவர் சேமிக்காதது போய்விடும், முடிந்தால் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நிரந்தரமாகத் தீர, துண்டான செஷனுக்குக் குரூப் பாலிசியில் 2 மணி நேரக் கெடு வையுங்கள்.

பதில் 4

மேக்ரோ இல்லாத ஃபைல் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க்கை ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். சர்வரில் ஒரு முறை ஏற்றினால் எத்தனை பேரும் திறக்கலாம், லைசென்ஸ் செலவு இல்லை. ஆர்டிஎஸ் கால் மட்டும் அப்போதும் வேண்டும். ஃபைலை ஓடிஎஸ் ஆகச் சேமித்து, டூல்ஸ் மெனுவில் ஷேர் ஸ்பிரெட்ஷீட்டை டிக் செய்யுங்கள். அடுத்தவர் மாற்றியது நீங்கள் சேமிக்கும்போதுதான் உங்கள் திரைக்கு வரும். ஒரே செல்லில் இருவர் கைவைத்திருந்தால் யாருடையதை வைப்பது என்று கேட்கும். ஒவ்வொருவரும் ஆப்ஷன்சில் யூசர் டேட்டாவில் தன் பெயரைப் போட்டுவைக்கட்டும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வரும்போது யாருடைய எண் என்று தெரியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்டாக் ஃபைலில் எழுதுவது 3 பேர்தான், மேக்ரோ இருக்கிறது. சர்வரில் எல்டிஎஸ்சி 9 போட்டுக்கொண்டு, அந்த 3 பேருக்கு மட்டும் பிசினஸ் ஸ்டாண்டர்ட் எடுத்து பிரவுசர் எக்செல்லில் எழுதச் சொல்லலாமா?

பதில் 3 எழுதியவர்

பிரவுசரில் திறக்கலாம், சேர்ந்தும் எழுதலாம். ஆனால் மேக்ரோ அங்கே ஓடாது. பதிவு செய்யும் ஷீட்டைத் தனி ஃபைலாகப் பிரித்து ஷேர்பாயின்ட்டில் வையுங்கள். மேக்ரோ ஃபைல் சர்வரிலேயே இருக்கட்டும், நாள் முடிவில் ஒருவர் பதிவு ஃபைலை இறக்கி அதில் சேர்த்தால் போதும். பிரவுசரில் மட்டும்தான் எழுதுவார்கள் என்றால் ஸ்டாண்டர்ட்கூட வேண்டாம், பிசினஸ் பேசிக் போதும்.